கடைசிக் கட்டம்தான் பல்

எனக்கு எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. வரி கோணலாகப் போகும், ஒற்று எங்கே போடுவது என்று தெரியாது, நடுவில் மறந்துபோய் முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லிவிடுவேன். படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. "பேசத்தான் மாட்டே, எழுதவாவது எழுதும்மா" என்று என் மகள்தான் பேனாவைக் கையில் கொடுத்தாள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூச்சம். சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். இத்தனை கூத்தும் அந்தக் கூச்சத்தால் வந்ததுதான்.

மகளைப் பெண் பார்க்க ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வருவதாக இருந்தார்கள். முதல் நாள் தட்டை சுட்டேன். உப்பு சரியாக இருக்கிறதா என்று ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். தட்டை உடையவில்லை. மேல்வரிசையில் முன்பல் உடைந்தது.

மறுநாள் அவர்கள் வந்தபோது முந்தானையால் வாயை மூடிக்கொண்டு காபி கொடுத்தேன். மாப்பிள்ளையின் அம்மா, நல்ல கலகலப்பான மனுஷி, ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். "உங்களுக்கு எத்தனை பசங்க?" என்று கேட்டதற்கும் தலையைத்தான் ஆட்டினேன்.

இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்தார்.

"பொண்ணு புடிச்சிருக்குதாம். ஆனா அந்தம்மாவுக்கு ஒரு சந்தேகம். பொண்ணப் பெத்தவங்க வாயே தொறக்கலியே, இந்தச் சம்பந்தத்துல இஷ்டமில்லையா, இல்ல நம்மளப் பேச லாயக்கில்லாதவங்கன்னு நெனைக்கிறாங்களான்னு கேக்குறாங்க. நிச்சயத்தன்னிக்கு அவங்க வாயால 'வாங்க'ன்னு ஒரு வார்த்தை வரணுமாம். வரலன்னா தட்டு மாத்தாமலே வந்த வண்டியிலயே திரும்பிப் போயிடுவோம்னு சொல்லிட்டாங்க."

மகள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரியும். பெண் பார்த்துவிட்டுப் போனதிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று ஒரே பொட்டைப் பல தடவை வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அந்தப் பார்வை போதாதா?

"பொக்கையோட 'வாங்க'ன்னு சொன்னா என்னா, வர மாட்டாங்களா?" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு என்ன? சொல்லிப் பார்த்தேன். முதல் எழுத்திலேயே காற்றுதான் வந்தது.

பல் டாக்டரிடம் போனோம். செராமிக்கில் பல் வைக்கலாம், பார்க்க சொந்தப் பல் மாதிரியே இருக்கும், ஆனால் அதை வெளியூரில் செய்து அனுப்ப வேண்டும், நிச்சயத்துக்குள் வராது என்றார் அவர். வீட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கரண்டுக் கம்பத்தில் கம்பியைத் தாங்குகிற வெள்ளைப் பீங்கான் இருக்கிறதே, இன்சுலேட்டர், வாழ்நாள் முழுக்க அதைச் செய்தவர்.

"செராமிக்குக்கு வெளியூரா? ஊரு பூரா பீங்கான் சூளை இருக்குற விருத்தாசலத்துல உக்காந்துகிட்டு இப்படிச் சொல்றீங்களே!"

"ஐயா, பல்லு செய்யுறது வேற மாதிரிங்க."

"என்னா வேற? பதினோராயிரம் வோல்ட் தாங்குற சாமான் செஞ்சவனுங்க நானு. இவ வாயில அத்தனை வோல்ட்டா வரப்போவுது?"

நேராகத் தொழிற்பேட்டைக்குப் போனார். அங்கே அவருடைய கூட்டாளி ஒருவர் சின்னதாகப் பொம்மைச் சூளை வைத்திருந்தார். தலையாட்டுகிற செட்டியார் பொம்மை, பிள்ளையார், நாய்க்குட்டி என்று பல நிறத்தில் செய்கிறவர். சாயங்காலம் அவரையும் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்.

"சைஸு நீங்க பாத்துக்குங்கண்ணே, கலரு சரியா தெரிஞ்சாத்தான் நான் கிளேஸ் கலக்க முடியும். அண்ணிய கொஞ்சம் வாயத் தொறக்கச் சொல்லுங்க" என்றார் கூட்டாளி. கிளேஸ் என்பது பீங்கான் மேல் பூசுகிற பூச்சு. நான் தோட்டத்துப் பக்கம் போய் அவர் கிளம்பும் வரைக்கும் பாத்திரம் துலக்கினேன். துலக்கினதையே மறுபடியும் துலக்கினேன்.

அப்போதுதான் மகள் வழி சொன்னாள். அவள் கம்ப்யூட்டர் படித்துவிட்டுப் பாலக்கரைப் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தாள். "போட்டோவுலேருந்து கலர எடுத்துடலாம்மா. நீ யாருகிட்டயும் வாயத் தொறக்க வேணாம்."

வீட்டிலிருந்த போட்டோ எல்லாவற்றையும் கொட்டினோம். ஒன்றில் வாயில் கை, ஒன்றில் நாத்தனார் முதுகுக்குப் பின்னால், இன்னொன்றில் முழங்கை மட்டும். பல் தெரிகிற படம் ஒன்றே ஒன்று கிடைத்தது. என் தம்பி மகன் கல்யாணப் பந்தியில், வீடியோ லைட்டு அடித்த நேரம் பார்த்து, அப்பளத்துக்கு வாயைப் பிளந்தபோது எடுத்தது. முன்னால் வாழையிலை, அதில் பாயசம், மேலே என் வாய். கிழித்துப் போட வேண்டும் என்று வைத்திருந்த படம்.

ஸ்டுடியோவுக்கு நானும் போனேன். போயிருக்கக் கூடாது. மகள் அந்தப் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றி, பல்லைப் பெரிசாக்கினாள், இன்னும் பெரிசாக்கினாள். டிவி பெட்டி அளவுக்கு என் பல் ஒன்றே நின்றது. வெற்றிலை போடுகிற பல். ரொம்பப் பெரிசாக்கினால் படம் கட்டம் கட்டமாக உடைந்துபோகுமாம். இளமஞ்சள், காவி, கொஞ்சம் பழுப்பு என்று சதுரம் சதுரமாகத் தெரிந்தது. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க வந்த கம்மாபுரத்துக்காரர் ஒருவர் பின்னாலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இந்த டைல்ஸு எந்தக் கடையில கெடைக்குது? எங்க வூட்டு அடுப்படிக்கு இதான் தோதா இருக்கும்."

"இது விக்கிறதில்லீங்க" என்றாள் மகள், சிரிக்காமல்.

நான் ஸ்டுடியோ திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

பிறகு மகள் படத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, ஆயிரக்கணக்கில் இருக்கிற நிறத்தையெல்லாம் எட்டே நிறமாகக் குறைக்கச் சொன்னாள். கம்ப்யூட்டரே பொறுக்கி, எட்டுக் கட்டமாக வரிசையில் காட்டியது. படத்தில் எது அதிகமோ அது முதலில். வாழையிலைப் பச்சைக்கு முதலிடம். அப்புறம் என் ரவிக்கை ஊதா, புடவை அரக்கு, பாயசம், சாம்பார், என் தோல், உதடு. கடைசியில் குட்டியாக என் பல். அதை ஒரு அட்டையில் அச்சடித்து, "கடைசிக் கட்டம்தாம்மா பல்லு, மறந்துடாத" என்று கொடுத்தாள். கம்ப்யூட்டரிலும் "அம்மா பல்லு" என்று பெயர் போட்டு வைத்துக்கொண்டாள். ஸ்டுடியோக்காரரிடமும், "நிச்சயத்துப் படத்துல எங்கம்மா பொக்கை தெரிஞ்சா, இந்தக் கலர்ல ஒண்ணு வெச்சு விட்டுருங்கண்ணே" என்று சொல்லி வைத்தாள்.

அட்டையைக் கூட்டாளியிடம் கொண்டுபோனோம். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எல்லாஞ் சரி. இது வேகுறதுக்கு முந்தின கலரா, வெந்த பெறகு வர்ற கலரா?"

எங்கள் ஊரில் இது நியாயமான கேள்வி. பூசும்போது ரோஸாக இருக்கும், சூளையிலிருந்து நீலமாக வரும்.

"இது போட்டோவுல இருந்த கலரு" என்றார் வீட்டுக்காரர்.

"அதாண்ணே கேக்குறேன். போட்டோ வெந்ததா, வேகாததா?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். படத்தில் பாயசம் வெந்தது, அப்பளம் பொரித்தது, வாழையிலை பச்சை. பல்லை எதில் சேர்ப்பது?

"எதுக்கு வம்பு? எட்டு கலர்லயும் எட்டு பல்லு போட்டுடுவோம். சூளையில பிள்ளையாருக்கு நடுவுல எடங் கெடக்குது" என்றார் கூட்டாளி.

வீட்டுக்காரர் களிமண்ணில் எட்டுப் பல் பிடித்தார். சூளையில் சுருங்கும் என்று கொஞ்சம் பெரிசாகவே பிடித்தார். கம்பத்துச் சாமானுக்கு எவ்வளவு விடுவாரோ அவ்வளவு விட்டுவிட்டார். பழகின கை.

சூளை பிரித்த அன்று நானும் போனேன். பிள்ளையார்களுக்கு நடுவில் என் பற்கள் இருந்தன. இலைப் பச்சையில் ஒன்று பளபள என்று இருந்தது. ஊதாவில் ஒன்று. சாம்பார் நிறம் சாம்பாராகவே வந்திருந்தது. ஒவ்வொன்றும் வேர்க்கடலைப் பருப்பு அளவு. கடைசிக் கட்டத்துப் பல்லை மட்டும் காணோம். நான் வைக்கப்போவது அதுதான் என்று அதற்கு மட்டும் எல்லாப் பக்கமும் கிளேஸ் பூசியிருக்கிறார் கூட்டாளி. அடியிலும் பூசினால் உருகி ஒட்டிக்கொள்ளும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஒரு பிள்ளையாரின் மூஞ்சூறோடு ஒட்டிப் போயிருந்தது. பெயர்த்தபோது பல் தூளானது. மூஞ்சூறுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வீட்டுக்காரர் மிச்சப் பற்களை உள்ளங்கையில் வைத்து, வளையல் கடைக்காரர் மாதிரி நீட்டினார்.

"இந்தப் பாயசக் கலரு பரவாயில்ல, பாரு."

"பெருசா இருக்குதுங்க."

"தேய்ச்சித் தரேன்."

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். கம்பத்துப் பீங்கானுக்குக் கலக்கின மண், தேயவில்லை. உப்புத்தாள்தான் தேய்ந்தது. கடைசியில் ஒரு ஓரம் மட்டும் கொஞ்சம் மழுங்கியது.

நிச்சயத்தன்று அதைப் பபுள்கம் வைத்து ஒட்டிக்கொண்டேன். மேல் உதடு தூக்கிக்கொண்டது. "வாங்க, வாங்க" என்று காலையிலிருந்து மாட்டுத் தொழுவத்தைப் பார்த்துச் சொல்லிப் பழகினேன். மாடு நிமிர்ந்து பார்த்தது. கொஞ்சம் தைரியம் வந்தது.

வேன் வந்து நின்றது. வரவேற்புத் தட்டு என் கையில்: சந்தனம், குங்குமம், பூ, கிண்ணம் நிறையக் கல்கண்டு. மாப்பிள்ளையின் அம்மா முன்னால் வந்து என் முகத்துக்கு நேராக நின்றார். மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். சொல் வருவதற்கு முன்னால் பல் வந்துவிட்டது. கல்கண்டில் போய் விழுந்தது. அந்தக் கல்கண்டும் பாயச நிறம்தான், எது எது என்றே தெரியவில்லை.

நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த அம்மாவின் முகம் இறுகியது. ஒரு நிமிஷம் பார்த்தார், தரகரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மரியாதைக்கு ஒரு கல்கண்டை எடுத்து வாயில் போட்டார்.

கிண்ணம் நிறைய இருந்ததில் அதைத்தான் எடுத்தார்.

"துப்புங்க!" என்று கத்தினேன். "சம்பந்தி, துப்புங்க! கடிக்காதீங்க!"

அதற்குள் கடித்துவிட்டார். சத்தம் எனக்குக் கேட்டது. உள்ளங்கையில் துப்பினார். என் பல் முழுசாக இருந்தது. பக்கத்தில் அவருடைய முன்பல்லில் ஒரு துண்டு.

மாப்பிள்ளையின் பெரியப்பா, "சகுனமே சரியில்லியே, வண்டிய எடுக்கச் சொல்லுங்க" என்றார். ஜன்னலில் மகளைக் காணோம்.

அந்த அம்மா இரண்டையும் விரலால் புரட்டிப் பார்த்தார். "இது யாருது?"

"எனக்கு வெச்சதுங்க" என்றேன். வேறு வழியில்லை, பேசித்தானே ஆக வேண்டும். "பல்லு போச்சிங்க, வெக்கமா இருந்துது, அன்னிக்கி அதான் பேசல. உங்களுக்கு வெளியூர்லேருந்து நல்ல பல்லா வாங்கித் தந்துடுறோம். இவரு செஞ்சத நம்பாதீங்க."

அந்த அம்மா என் பொக்கையையே பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், வேன் டிரைவர் இறங்கி வந்துவிட்டார். "ஒரு வார்த்தை கேட்டேன், 'துப்பு'ன்னு ஆரம்பிச்சி எத்தனை வார்த்தை! ஏங்க, வண்டிய யாரும் எடுக்க வேணாம். சம்பந்தி பேசுறாங்க."

தட்டு மாற்றினோம். மாற்றும்போதும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எனக்கும்தான், ஆனால் என் கை வாய்க்குப் போய்விட்டது. ஸ்டுடியோக்காரர் அந்த நேரத்தில்தான் படம் எடுத்தார்.

ஆல்பம் வந்தது. ஸ்டுடியோக்காரர் சொன்ன வேலையைச் செய்திருந்தார். படத்தில் பொக்கை எங்கே என்று தேடியிருக்கிறார். என் வாயில் கை இருந்தது. சம்பந்தி வாய் திறந்து, அதில் ஓட்டை தெரிந்தது. "அம்மா பல்லு" என்று இருந்த கடைசிக் கட்டத்து நிறத்தை எடுத்து அங்கே வைத்துவிட்டார். சூளையில் தூளாய்ப் போன என் பல், சம்பந்தி வாயில் மஞ்சளாக மின்னியது. "எப்பேர்ந்து வெத்தலை போடுறீங்க?" என்று அவருடைய ஓரகத்திகள் கேட்டார்களாம். முதலில் கொஞ்சம் வருத்தப்பட்டார்.

இப்போது கதை வேறு. எனக்கு டாக்டர் சொன்ன பல் வந்து பல வருஷம் ஆகிறது. சம்பந்திக்குப் பல்லெல்லாம் எடுத்து செட்டு வைத்தாகிவிட்டது. அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். "அது என் சொந்தப் பல்லுதான், கல்கண்டு கடிக்கிறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ" என்கிறார். கடித்த பிறகுதான் தட்டே மாற்றினோம் என்று நான் சொன்னால், "உங்களுக்கு மறதி சம்பந்தி" என்கிறார். மகளைக் கேட்டால் காபி போடுகிறேன் என்று எழுந்து போய்விடுகிறாள்.

எனக்கு மறதி உண்டு, முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆகையால் கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் யாராவது ஸ்ரீமுஷ்ணம் பக்கம் போனால், அந்தப் படத்தில் சம்பந்தியின் முன்பல் நிறத்தை எடுத்து, என் அட்டையின் கடைசிக் கட்டத்தோடு ஒத்துப் பாருங்கள். அட்டை எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் இருக்கிறது. வாழையிலைப் பச்சை மேலே வருகிற மாதிரிப் பிடிக்க வேண்டும். மற்றதிலும் முன்பின் தப்பிருந்தால் திருத்திவிடுங்கள். பல் என்னுடையதுதான் என்று தெரிந்தால் என்னிடம் மட்டும் சொன்னால் போதும், சம்பந்தியிடம் சொல்ல வேண்டாம்.