பிளாஸ்டிக் வாடை

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஒரு மழைக்காலத்தில், ஓரிக்கைப் பக்கம் என் கணவரின் ஸ்கூட்டர் சறுக்கிப் பின்மண்டையில் அடிபட்டது. தையல் பிரித்த பிறகுதான் தெரிந்தது, அவருக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. நரம்பில் அடி, திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர்.

அதன் பிறகு அவர் ஓரிடத்தில் உட்காரவில்லை. பட்டுக்கடையில் சேலை விரித்துக் காட்டும் வேலை. நடுவில் வீட்டுக்கு ஓடி வந்து பெருங்காய டப்பாவைத் திறந்து முகர்வார். கற்பூரத்தை நசுக்கி முகர்வார். உதட்டைப் பிதுக்கிவிட்டுத் திரும்பிப் போவார். ஒருநாள் அவர் அடுப்பருகே நிற்கும்போதே பால் தீய்ந்து கருகியது. அதிலிருந்து எனக்கும் நிம்மதி போயிற்று. மார்க்கெட்டுக்குக் கிளம்பினால், கேஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வருவேன்.

அந்த நேரத்தில்தான் ஜெர்மனியிலிருந்து அவர் தங்கை வந்தாள். கூடவே ஒரு காப்பி மெஷின். காப்பித்தூள் அடைத்து மூடிய சின்னச் சின்னக் குப்பிகள். ஒன்றை உள்ளே வைத்து அழுத்தினால் சுடுதண்ணீர் அதைத் துளைத்துக்கொண்டு காப்பியாக இறங்கும். முதலில் அலுமினியக் குப்பியைப் போட்டாள். சமையலறை முழுக்க மணத்தது. அவர் ஆசையாக வாங்கிக் குடித்தார்.

"சூடா இருக்குது," என்று மட்டும் சொல்லி டம்ளரை வைத்துவிட்டார்.

மறுநாள் அவர் கடைக்குப் போயிருந்தபோது அவள் கூடவே கொண்டுவந்திருந்த விலை குறைந்த பிளாஸ்டிக் குப்பிகளில் ஒன்றைப் போட்டோம். ஒரு வாய்க்கு மேல் எனக்கு இறங்கவில்லை. பழைய தூளின் சப்பென்ற ருசி. வெயிலில் கிடந்த பாட்டில் தண்ணீரின் வாடை.

"அலுமினியத்துல காத்து பூராது அண்ணி. இது மட்டமான பிளாஸ்டிக்கு, தூள் சீக்கிரம் பழசாயிடும். சுடுதண்ணி பட்டா வாடை வேற," என்றாள்.

கொட்டப் போனேன். அதற்குள் அவர் வேர்த்துக்கொட்ட உள்ளே வந்து, கேட்காமலே டம்ளரை வாங்கி வாயில் ஊற்றினார். முகம் கோணியது.

"என்னம்மா இது? பக்கெட்டைப் போட்டுக் கொதிக்க வெச்சியா?"

"என்ன சொன்னீங்க?"

"பிளாஸ்டிக் நாறுதும்மா..." என்றவர் அப்படியே நின்றுவிட்டார். மறுபடி மோந்து பார்த்தார். தங்கையிடம், "இன்னொண்ணு போடு. சீக்கிரம்," என்றார்.

மிச்சமிருந்த குப்பிகளையெல்லாம் போட வைத்தார். யாரும் குடிக்கவில்லை. அலுமினியக் குப்பியின் நல்ல காப்பி அவருக்கு இன்னும் வெறும் சூடுதான். பிளாஸ்டிக் மட்டும் பட்டும்படாமல் தெரிந்தது. குளியலறை மக்கையும் என் சீப்பையும்கூட விடாமல் முகர்ந்து வந்தார். நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

பிறகு அவர் மூக்குக்கு மண்ணெண்ணெய் வந்தது, மாதங்கள் கழித்துக் காப்பியும் வந்தது. மல்லிகை மட்டும் இன்றுவரை இல்லை. கோயில் வாசலில் வாங்கி வந்து, "வாசனையான பூவாம்மா?" என்று என்னிடம்தான் கேட்பார்.