அழிக்காமல் விட்ட குரல்

என் தங்கை டிராக் பாடுகிறவள். பெரிய பாடகி வருவதற்கு முன்னால் மெட்டைப் பாடி வைக்க ஒரு குரல் வேண்டுமே, அது இவள். அந்த அம்மா வந்து, இவள் பாடியதைக் கேட்டுப் பழகிப் பாடிவிட்டுப் போனதும், இவளுடையதை அழித்துவிடுவார்கள். பதினோரு வருடமாக இதுதான் பிழைப்பு. அவள் பாட்டை அவளைத் தவிர யாரும் கேட்டதில்லை என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அவள் புருஷன் ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன். முன்பெல்லாம் வாய் நிறையத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். ஒன்பது வருடம் குடித்தனம் செய்துவிட்டு, ஒரு நாள் காலையில், ஒத்துவரவில்லை என்று ஒரே வார்த்தை சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினானே, அன்றிலிருந்து எனக்கு அவன் ‘அவன்’தான். இந்தப் பைத்தியமாவது நாலு கேள்வி கேட்டிருக்கலாம், சட்டையைப் பிடித்திருக்கலாம். தட்டில் சாப்பாடு போட்டு வைத்திருந்தாளாம். “சாப்பிட்டுட்டுப் போயேன்” என்றாளாம். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டான்.

தட்டை மூடி வைத்துவிட்டு இவள் நேராக ஸ்டூடியோவுக்குப் போனாள். பிரிவுப் பாட்டு. கடைசி வரி மட்டும் இன்னும் எழுதி வரவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ‘தானன்னா’ என்று எதையாவது போட்டு நிரப்புவது வழக்கம். அன்றைக்கு அவள் வாயில் ‘தானன்னா’ வரவில்லை. சாப்பிட்டுட்டுப் போயேன் என்று வந்தது. அதைப் பாடவும் இல்லை, கதறினாள் என்றுதான் சொல்ல வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த இசையமைப்பாளர் எழுந்து நின்றுவிட்டாராம். பிறகு பெரிய பாடகி வந்து ஏழு முறை பாடிப் பார்த்தும் அது வரவில்லை. அந்த ஒரு வரியை மட்டும் அழிக்காமல் விட்டுவிட்டார்கள். இவள் பேரைப் போடவில்லை.

பாட்டு வந்தது, வீடியோவும் வந்தது. அதில் வெள்ளை உடுப்புப் போட்ட நடிகை ஒருத்தி மழையில் கண்ணாடி வீட்டுக்குள் ஓடுகிறாள். அந்த வரி வரும்போது மண்டியிட்டு வாயைத் திறக்கிறாள், கண்மை கன்னத்தில் வழிகிறது. அடுப்பே இல்லாத வீட்டில் நின்றுகொண்டு சாப்பிடக் கூப்பிடுகிறாளே என்று எனக்கு எரிச்சல். ஆனால் பஸ்ஸில், சலூனில், மாடி வீட்டுப் பெண்ணின் அறையில், எங்கே போனாலும் அந்தக் கதறல்தான்.

தங்கைக்கு அங்கேதான் பித்து பிடித்தது.

“அவன் காதுல ஒரு தடவை விழுந்தா போதும்க்கா. அந்த வார்த்தைய அவன்கிட்டதானே சொன்னேன். கண்டிப்பா வந்துடுவான்.”

எங்கள் வீட்டுக்கு வந்து இரு என்றால் வரமாட்டாள். அவன் வரும்போது கதவு பூட்டியிருந்தால் திரும்பிப் போய்விடுவானாம். தினமும் அவனுக்கு ஒரு தட்டு போட்டு மூடி வைப்பாள். ராத்திரிக்கு அதையே எடுத்து இவள் தின்பாள், பாதி நாள் அதுவும் இல்லை. எலும்பும் தோலுமாகிவிட்டாள். தொண்டை கட்டிப்போய் ஸ்டூடியோவிலும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அவள் நம்பரை அவன் பிளாக் பண்ணி வைத்திருந்தான், கூப்பிட்டால் லைனே போகாது.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் அவளை இழுத்து வந்து பக்கத்தில் நிறுத்தி, பாத்திரம் தேய்த்த கையோடு என் போனில் அவனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். மணி அடிக்கவில்லை. காலர் டியூன் வைத்திருக்கிறான், அதே பாட்டு, சரியாக அந்த வரி. தங்கை என் தோளைப் பிடித்துக்கொண்டாள். “கேட்டுட்டான்க்கா” என்றாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து மாசக்கணக்காகிறது.

எடுத்தான். குசலம் விசாரித்தான். பாட்டு நன்றாக இருக்கிறதே என்று ஆரம்பித்தேன்.

“சூப்பரா இருக்குல்லக்கா? அந்தக் கடைசி வரி எழுதுனவன் கைக்கு மோதிரம் போடணும். அந்தப் பொண்ணும் என்னமா அழுவுது, பாவம்.”

“அந்தக் குரலு எங்கயோ கேட்ட மாதிரி இல்ல உனக்கு?”

“பெரிய பாடகியாச்சே. எல்லாப் பாட்டுலயும் கேட்டதுதான்.”

விடக்கூடாது என்று இன்னொன்றும் கேட்டேன். “அன்னிக்கு நீ கெளம்புறப்ப இவ என்ன சொன்னா, ஞாபகம் இருக்கா?”

கொஞ்சம் யோசித்தான். பொய் சொல்ல யோசித்தது போலத் தெரியவில்லை.

“ஏதோ சொன்னாக்கா. ஞாபகம் இல்ல.”

போனை வைத்தேன். தங்கை மிச்சப் பாத்திரங்களைத் துடைத்து அடுக்கினாள். அன்றைக்கே துணிமணியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். தட்டு மூடி வைப்பதும் நின்றது. புத்தி வந்துவிட்டது என்று நானும் நம்பினேன்.

ஒரு வாரம் கழித்து என் போனைப் பார்த்தால் அவன் நம்பருக்கு ஒரே பிற்பகலில் எட்டு கால். ஒன்றுகூட அவன் எடுக்கவில்லை. என்னடி இது என்று கேட்டேன்.

“அவன் எடுக்குறதுக்குள்ள கட் பண்ணிடறேன்க்கா. உனக்குக் கை பட்டுடுச்சுன்னு நெனச்சுக்குவான்.”

“எடுக்கக்கூடாதுன்னா எதுக்குடி கூப்பிடுற?”

“அவன் போன்ல நான் இருக்கேன்ல.”

கூப்பிடுகிறவர்களுக்குத்தான் அது கேட்கும், அவனுக்குக் கேட்காது என்று அவளுக்கும் தெரியும். அடுப்படிச் சுவரில் சாய்ந்து, போனைக் காதில் அழுத்தி, தன் கதறலைத் தானே கேட்டுக்கொண்டிருக்கிறாள். “இப்பல்லாம் அவன் எடுத்துடுவானோன்னுதான் பயமா இருக்கு” என்றாள்.

போனைப் பிடுங்கியிருக்க வேண்டும். சார்ஜ் குறைவாக இருந்தது. ஒயரை எடுத்து வந்து செருகிக் கொடுத்தேன்.