விட்டுப்போனால் மட்டும் பேசுபவர்

சந்தை திறக்க இன்னும் பத்து நிமிடம். வரிசை சார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டுகிறார், மறுபடி கழற்றித் துடைக்கிறார். திரையின் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி விநாடிக்கு ஒருமுறை மின்னி அணைகிறது. அதோடு சேர்ந்து அவர் தலையும் லேசாக ஆடுகிறது. பக்கத்து நாற்காலிக்காரி, "சார், காபி ஆறுது" என்கிறாள். பதில் இல்லை. காதில் விழவில்லை என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். இரண்டு நிமிடத்தில் கோப்பை காலி.

அது ஒரு பங்குத் தரகு நிறுவனம். சந்தையிலிருந்து பாய்ந்து வரும் விலைகளை மூன்று மாடிகளில் உள்ள இருநூறு மேசைகளுக்கும் ஒரே நேரத்தில், ஒன்றுகூடத் தவறாமல் கொண்டு சேர்ப்பது அவர் வேலை. ஒவ்வொரு விலைக்கும் ஒரு வரிசை எண். நாற்பத்தாறுக்கு அடுத்து நாற்பத்தெட்டு வந்தால், "நாற்பத்தேழு எங்கே?" என்று அந்த மேசைக் கணினி கேட்க வேண்டும், விட்டுப்போனது மட்டும் திரும்ப வரும். எண் ஒன்று தவறினால் இவருக்குச் சோறு இறங்காது என்பதால் ஆபீஸ் வைத்த பெயர்தான் வரிசை சார்.

எல்லாம் ஒழுங்காக வந்துவிட்டால் மேசைகள் வாயைத் திறக்கக் கூடாது. "இருநூறு பேரும் 'வந்துச்சு, வந்துச்சு'ன்னு கத்தினா விலை எந்த வழியா வரும்? சந்தைக்கடை ஆயிடும்" என்பார், சந்தைக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு. அனுப்புகிற இயந்திரத்துக்கு மட்டும் வேறு சட்டம். சொல்ல விலையே இல்லாவிட்டாலும் விநாடிக்கொரு தரம் 'இருக்கேன்' என்று சொல்லியாக வேண்டும். பச்சைப் புள்ளி அதுதான். அது நின்றால் இவருக்கு மூச்சு நின்ற மாதிரி.

இந்தச் சட்டத்தை அவர் ஆபீஸ் வாசலோடு விட்டிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. வீட்டில் மனைவி பேசுவார். இவர் பிடித்து வைத்த பிள்ளையாராக உட்கார்ந்திருப்பார். ஏதாவது சரியாகக் கேட்காவிட்டால் மட்டும் விரல் உயரும். "'மாடியில'ன்னதுக்கும் 'தண்ணி'ன்னதுக்கும் நடுவுல ஒரு வார்த்தை விட்டுப்போச்சு." இருபத்தாறு வருஷத்தில் ஒரு 'ம்' கிடையாது.

போன திங்கட்கிழமை அந்த அம்மாளின் பொறுமை தீர்ந்தது. நூலகத்தில் வேலை அவருக்கு. இருபது வருஷம் கண்ணாகப் பார்த்துக்கொண்ட சிறுவர் பிரிவைப் பிடுங்கி, நேற்று வந்தவரிடம் கொடுத்துவிட்டார்கள். முக்கால் மணி நேரம் அதைச் சொன்னார். நடுவில் அழுதும்விட்டார். கணவர் அசையவில்லை. "இதுக்கு நான் சுவத்துக்கிட்டயே சொல்லியிருக்கலாம்" என்று எழுந்து போனவர் அதோடு பேச்சையே நிறுத்திவிட்டார்.

செவ்வாயன்று வரிசை சார் கவலைப்படவில்லை. சொல்ல ஒன்றும் இருக்காது என்று நினைத்தார். புதனன்று சாப்பாட்டுத் தட்டு மேசையில் டங்கென்று இறங்கியபோதுதான் எங்கோ பழுது என்று புரிந்தது. பழுது என்றால் முதலில் நம் முனையைச் சோதி என்பது அவர் தொழிலில் பாலபாடம். வியாழனன்று அரைநாள் லீவு போட்டுக் காது டாக்டரிடம் போனார்.

"காதுல ஒரு குறையும் இல்லையே. என்ன தொந்தரவு?" என்றார் டாக்டர்.

"மூணு நாளா எதுவும் வரல டாக்டர்."

வீடு திரும்பியதும் மனைவியிடம் மிகப் பணிவாகக் கேட்டார். "திங்கட்கிழமை ஏழேகாலுக்குச் சுவத்தைப் பத்திச் சொன்னே. அதுக்கப்புறம் எனக்கு ஏதாவது விட்டுப்போச்சா?" எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றிய கதைதான். கதவு சாத்திக்கொண்டது.

வேறு ஊரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு 'ம்' சொன்னா என்னப்பா குறைஞ்சுடும்?" என்றாள்.

"கேக்கற எல்லாரும் பதில் சொன்னா லைன் அடைச்சுக்கும்மா."

"வீட்ல எத்தனை பேருப்பா கேக்கறீங்க?"

இந்தக் கணக்கை மட்டும் மனிதர் போட்டுப் பார்த்ததே இல்லை. "நான் ஒருத்தன்தான்" என்றார்.

அன்று சாயங்காலம் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். வரிசை சார் எதிரே போய் உட்கார்ந்து, திங்கட்கிழமைப் பேச்சை முதலிலிருந்து ஒப்பித்தார். புது ஆள் அலமாரிச் சாவியை விரலில் சுழற்றியது, பத்து பேர் முன்னால் மேலதிகாரி 'உங்களுக்கும் வயசாச்சு' என்றது, தினமும் அதே யானைப் புத்தகத்தைக் கேட்டு வரும் திக்குவாய்ப் பெண்குழந்தைக்கு இனி யார் பொறுமையாக எடுத்துக் கொடுப்பார்கள் என்று மனைவி அழுதது. ஒரு சொல் விடவில்லை. பாதி மடித்த துண்டு மனைவியின் மடியிலேயே கிடந்தது.

"இவ்வளவும் கேட்டுக்கிட்டா கல்லு மாதிரி உக்காந்திருந்தீங்க?"

"ஒண்ணுகூட விட்டுப்போகல. அதான் பேசல."

"பாவி மனுஷா, அது எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் மனைவி. கோபமாகத்தான் ஆரம்பித்தார், முடிப்பதற்குள் கண் நிறைந்து, சிரிப்பும் வந்துவிட்டது.

மறுநாள் காலை. வரிசை சார் வாய் நிறைய நுரையோடு பல் தேய்த்துக்கொண்டிருக்கிறார். சமையலறையிலிருந்து குரல் வருகிறது. "இன்னிக்கு மேலதிகாரிகிட்ட நேராவே கேக்கப் போறேன். என் பிரிவு எனக்கு வேணும்."

"ம்" என்கிறார். குழாய்ச் சத்தத்தில் அது போய்ச் சேர்ந்ததோ இல்லையோ என்று சந்தேகம். குழாயை மூடிவிட்டு, நுரை தாடையில் வழிய வழிய, சமையலறை வாசல் வரை நடந்துபோய் நின்று இன்னொரு தரம் சொல்கிறார்.

"ம்."