மாம்பழத் தண்ணியும் காணிப்பாக்கத்து முழுக்கும்

மாம்பழம் கழுவின தண்ணியை மாமரத்துக்கே பாய்ச்சினால் பழம் இன்னும் இனிக்கும் என்று நம்பிய ஆள் நான். சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன்.

தெலுங்குச் சீமையின் எல்லையோரத்தில், குடிபாலாவுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வெளிநாட்டு வியாபாரத்துக்கு நாட்டின் கதவைத் திறந்துவிட்டார்கள், இனி எல்லாம் ஏற்றுமதிதான் என்று ஊரெல்லாம் பேசிய வருஷங்களில் இங்கே மாம்பழக்கூழ் ஃபேக்டரி வந்தது. விலை போகாமல் மாட்டுக்குக் கொட்டிய பெங்களூரா ரக மாங்காயை லாரி லாரியாக வாங்கினார்கள். கூழாக்கி, டின்னில் அடைத்து, கப்பலில் அரபு நாட்டுக்கு அனுப்பினார்கள். என் தோட்டத்துப் பழம் கடல் தாண்டியது. நான் திருப்பதி தாண்டியதில்லை.

சீசனில் என் மனைவி அங்கேதான் தோல் சீவப் போவாள். பழம் கழுவி, மெஷின் கழுவி, வெளியே ஓடும் தண்ணியைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. மழையில்லாத வருஷம் வேறு. நேரே மேனேஜரிடம் போனேன்.

"சார், அந்தத் தண்ணிய என் நெலத்துப் பக்கம் திருப்பி உடுங்க சார்."

பெண்ணுக்கு வரன் அமைந்தவர் மாதிரி அவர் முகம் மலர்ந்தது. மறுநாளே கால்வாய் வெட்டிவிட்டார்கள். நான் கேட்டு இத்தனை வேகமாக நடந்த காரியம் வேறெதுவும் இல்லை. அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

முதல் சீசனில் நிலமே ஜூஸ் கடை மாதிரி மணந்தது. ஈக்களும் அப்படித்தான் நினைத்தன. அடுத்த சீசனில் இலையெல்லாம் ஓரம் கருகியது. அப்புறம் கிணறு. வாளியை இறக்கினால் நுரையோடு ஏறியது, புளித்த கள்ளு வாடை. சோறு வடித்தால் துன்ன முடியவில்லை. வீட்டுக்குக் குடிக்க இருந்தது அந்த ஒரு கிணறுதான். மனைவி ரோட்டைத் தாண்டி, பஸ் நிற்கும் இடத்துக் குழாய்க்குக் குடத்தோடு போய் வர ஆரம்பித்தாள்.

மேனேஜரிடம் சண்டைக்குப் போனேன். தெலுங்குக்காரர். எங்களோடு பேசிப் பேசி அவருக்கும் எங்கள் தமிழ் வந்திருந்தது.

"ஏமய்யா, பழத் தண்ணி போயி கெணத்தக் கெடுக்குமா?"

"அப்ப காணிப்பாக்கம் வா சார்! முழுகிட்டு வந்து சத்தியம் பண்ணு!"

எங்கள் பக்கத்தில் இது கடைசி ஆயுதம். காணிப்பாக்கம் குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு விநாயகர் முன்னால் நின்று பொய் சொல்ல யாருக்கும் துணிச்சல் வராது. மனுஷன் பயப்படுவார் என்று நினைத்தேன். "பதண்டி, போலாம்" என்று ஜீப்பில் என்னையும் ஏற்றிக்கொண்டார்.

குளத்தில் இடுப்பளவு தண்ணியில் இருவரும் நின்றோம்.

"எங்க தண்ணி உன் நெலத்துக்கு வந்துச்சி, சத்தியம். நீ கேட்டுத்தான் உட்டேன், அதுவும் சத்தியம். நீ இன்னான்னு சத்தியம் பண்ணப் போற?"

வாயைத் திறந்தேன். ஃபேக்டரிதான் கெடுத்தது என்று சொல்லலாம். கால்வாய் கேட்டவன் நான். நான்தான் கெடுத்தேன் என்று சொல்லலாம். மெஷின் கழுவ என்னத்தைக் கலக்கிறார்கள் என்று எனக்கு யார் சொன்னது? ஃபேக்டரியை மூடு என்று கேட்கலாம். என் காயை யார் வாங்குவது? மனைவியின் கூலி? கண் காணாத தேசத்தில் ஜில்லென்று குடித்துக்கொண்டிருக்கிறவனைக் கூப்பிட்டு முழுகச் சொல்லலாமா? யோசிக்க யோசிக்க மீன்கள் என் காலைக் கடித்தன. அதுகளுக்காவது வேலை இருந்தது.

மூன்று முழுக்குப் போட்டேன். சத்தியம் வரவில்லை, தும்மல்தான் வந்தது. மேனேஜர் டீ வாங்கிக் கொடுத்து, ஊர் எல்லையில் இறக்கிவிட்டார்.

மனைவி அப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து வந்திருந்தாள். விரலெல்லாம் மஞ்சள் கறை, நகக்கண்ணில் வெடிப்பு. நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுக் கேட்டேன்.

"இப்ப நீயே சொல்லு, தப்பு யாரு மேல?"

"கொடத்த எடு, கொழாயில தண்ணி நின்னுடப் போவுது."