அக்காவுக்குத் தெரிந்த முழங்கால்

டிவியில் தேசிய கீதம் வந்துவிட்டால் என் அக்கா வீட்டில் யாரும் உட்கார்ந்திருக்க முடியாது. சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எழுந்துவிட வேண்டும். ஒருமுறை நான் குளித்துவிட்டு இடுப்பில் துண்டோடு வந்தவன், அப்படியே விறைப்பாக நின்றேன். துண்டு நழுவப் பார்த்தது. பிடிக்கக் கையைக் கொண்டுபோனேன்.

"விழுந்தா விழட்டும், நீ ஆடாதடா" என்றாள் அக்கா. அத்தான் சுவர்ப் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

அக்கா பெண்கள் தேசியக் கால்பந்து அணியின் பிசியோ. சுளுக்கு, தசைப்பிடிப்பு, கட்டு, அழுகிற பெண்களை அதட்டி நடக்கவைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. கல்யாண வீட்டில்கூட மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க மாட்டாள், நடையைத்தான் பார்ப்பாள். ஆட்டத்துக்கு முன் கீதம் ஒலிக்கும்போது மருந்துப் பையைக் கீழே வைத்துவிட்டு அவளும் நிமிர்ந்து நிற்பாள். கேமரா அவள் பக்கம் போகும் அந்த ஒரு நொடிக்காக நாங்கள் டிவி முன்னால் தவம் கிடப்போம்.

அணியில் அவளுக்கு உயிர் என்றால் கோல்கீப்பர் பெண்தான். உயரத்தைப் பார்த்து 'நெட்டை' என்று பேர் வைத்ததே அக்கா. நெட்டைக்கு இடது முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. இனி ஆடவே முடியாது என்று அழுதவளை மறுபடி கோல் கம்பங்களுக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தியவள் அக்கா. "ஓடு, தாவு, என்ன வேணா பண்ணு. மண்டி மட்டும் போடாத" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள்.

அப்படியிருக்கும்போதுதான் நெட்டை வீட்டுக்குப் பக்கத்திலிருந்த தையல் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. கதவு வெளியே பூட்டியிருந்தது. உள்ளே செத்தவர்களில் அவளோடு பள்ளிக்கூடம் போனவர்களும் உண்டு. பூட்டச் சொன்ன முதலாளிமேல் ஒரு வழக்குகூட இல்லை. அடுத்த ஆட்டத்தில் கீதம் தொடங்கியதும், வரிசையில் நின்ற நெட்டை இரண்டு முழங்காலையும் தரையில் ஊன்றி மண்டியிட்டாள்.

அன்று வீட்டுக்கு வந்த அக்கா பொரிந்து தள்ளினாள். "அவளுக்கு வேற நேரமே கெடைக்கலையா? கேக்கணும்னா வெளிய கேளு, கோர்ட்டுல கேளு. அந்தப் பாட்டுலதான் வந்து கேக்கணுமா?" கொஞ்சம் ஓய்ந்து தண்ணீர் குடித்தாள். பிறகு முன்னைவிடக் கோபமாக, "அதுவும் அந்த முட்டிய வெச்சுக்கிட்டு!" என்றாள்.

நெட்டையை அணியைவிட்டே துரத்தச் சொல்லி ஊரெல்லாம் ஒரே கூச்சல். கால்பந்து சங்கச் செயலாளர் பொல்லாதவர் இல்லை. அவளைக் காப்பாற்ற ஒரு வழியோடு அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார்.

"முட்டி வலிம்மா. நிக்க முடியல, உக்காந்துட்டா. நிருபர்கள்கிட்ட இத நீங்க சொன்னாப் போதும். அந்தப் பொண்ணும் தப்பிச்சுரும், உங்க வேலைக்கும் ஆபத்தில்ல."

அக்கா தலையாட்டினாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

என் வேனில்தான் அவளை நிருபர்கள் காத்திருந்த சங்க அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். நெட்டை நடைக்கூடத்தில் நின்றாள். "நீ வாயே தெறக்காத, நான் பாத்துக்கறேன்" என்றாள் அக்கா.

"நீங்க என்ன சொன்னாலும் நான் மறுத்துப் பேச மாட்டேன்க்கா. என்னை நடக்க வெச்சவங்க நீங்க." என்றாள் நெட்டை. "ஆனா செத்தவங்களுக்காக நான் செஞ்சது அது ஒண்ணுதான். அதையும் முட்டி வலின்னு ஆக்கிடாதீங்க."

அக்கா அவளையும் கூட்டிக்கொண்டு உள்ளே போய் மைக் முன்னால் உட்கார்ந்தாள். முழங்கால் வலியால்தான் அப்படியா என்று நிருபர் கேட்டார். செயலாளர் தலையை ஆட்டி அவளுக்குத் தைரியம் கொடுத்தார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

"நிக்கிறதுல அவளுக்கு வலியே கெடையாது" என்றாள் அக்கா. "மண்டி போட்டாத்தான் வலி. உயிர் போற வலி. பாட்டு முடியற வரைக்கும் அவ அந்த வலியோட இருந்தா. அவ செஞ்சது எனக்குப் புடிக்கல. ஆனா ஏன் செஞ்சான்னு நான் சொல்லக் கூடாது, அவதான் சொல்லணும்."

மைக்கை எடுத்து நெட்டையின் முன்னால் வைத்தாள். நெட்டை செத்தவர்களின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினாள். சின்ன வயதில் என் தலையில் குட்டிக் குட்டிக் கணக்குச் சொல்லிக்கொடுத்த அக்காவா இவள் என்று வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நெட்டைக்கு ஒரு வருஷத் தடை. அக்காவுக்கு வேலை போனது. அவள் வீட்டு முன்னறையில் ஒரு கட்டிலைப் போட்டு வைத்தியம் பார்க்கத் தொடங்கினாள். மண்டியிட்டதில் வீங்கிய முழங்காலோடு முதலில் வந்ததும் நெட்டைதான். திட்டு வாங்கிக்கொண்டே காலை நீட்டினாள்.

அவள் இல்லாமல் அணி ஆடிய முதல் ஆட்டத்தன்று நாங்கள் எல்லோரும் அந்த அறையில் இருந்தோம். டிவியில் கீதம் தொடங்கியது. அக்கா எழுந்தாள், அத்தான் எழுந்தார், நானும் எழுந்தேன். நெட்டை கட்டிலிலிருந்து மெல்ல இறங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு மண்டியிட்டாள். எனக்குப் பகீரென்றது. வேறு எங்கோ அல்ல, அக்கா வீட்டில், அக்கா கண்ணெதிரே.

அக்கா டிவியைப் பார்த்தபடி நிமிர்ந்து நின்று பாடிக்கொண்டிருந்தாள். ஒரு சொல்கூடப் பிசகவில்லை. ஆனால் துண்டே விழுந்தாலும் அசையக் கூடாது என்ற அந்த அக்கா, கட்டிலடியில் கிடந்த தலையணையைக் காலால் இழுத்து, நெட்டையின் இடது முழங்காலுக்கு அடியில் தள்ளினாள்.