அரை அம்பியர் சார்ஜர்

மாமி வஃபாத்தான அன்று நான் செய்த பிழை வேறு யாருக்கும் நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் கற்பிட்டி. மாமிக்கு என் கணவர் ஒரே பிள்ளை, கட்டாரில் வேலை. அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று முடிவானது. அவரால் வந்து சேர முடியாது. "கபன் புடவைய மூட முந்தி உம்மாட முகத்த வீடியோவில ஒருக்கா காட்டுங்க" என்று அழுதார்.

என் போனில் மூன்று வீதம் சார்ஜ்தான் இருந்தது. அதன் சார்ஜரை ஆஸ்பத்திரியில் மறந்துவிட்டு வந்திருந்தேன். அலுமாரியில் மாமியின் பழைய பட்டன் போன் சார்ஜர் கிடந்தது. குத்தினேன். சார்ஜ் ஏறும் அடையாளம் வந்தது. அதை நம்பி, வந்த சனத்தைப் பார்க்கப் போனேன்.

ஒன்றரை மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் ஆறு வீதம். அவசரத்தில் அப்படியே அவருக்கு வீடியோ கோல் எடுத்தேன். அவர் முகம் தெரிந்தது. மாமியின் பக்கம் திருப்புவதற்குள் போன் செத்துவிட்டது. அடுத்தவர் போனில் எடுக்க அவருடைய நம்பர் எனக்கு மனப்பாடமில்லை. "இனிச் சுணங்க ஏலாது மகள்" என்று, மாமியைக் குளிப்பாட்டிய பெண் கபனை மூடிவிட்டார்.

பிறகு போன் கடைக்காரர் சொன்னார்: "இதுட அவுட்புட் அரை அம்பியர், ராத்தா. உங்கட போனுக்குக் குறஞ்சது ரெண்டு அம்பியர் வேணும். அடையாளம் காட்டும், ஆனா லேசுல ஏறாது."

இப்போது சார்ஜரிலுள்ள அந்தப் பொடி எழுத்தை வாசிக்காமல் குத்துவதில்லை. கணவரின் நம்பரை அலுமாரிக் கதவில் எழுதி வைத்திருக்கிறேன்.

அவர் என்னை ஏசவே இல்லை. எடுக்கும்போதெல்லாம் ஒன்றைத்தான் கேட்கிறார்: "உம்மாட முகம் எப்பிடி இருந்திச்சு?"

சொல்லிச் சொல்லி, இப்போது எனக்கே அந்த முகம் மறந்துகொண்டு வருகிறது.