போத்தலில் இருந்த மஞ்சள் பூ

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அம்மாவுக்கு முடி கொட்டத் தொடங்கியது. சீப்பில், தலையணையில், சோற்றில்கூட முடி. தம்பி பிறந்து மூன்றாம் நாள் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அதைப் பற்றி வீட்டில் ஒருவரும் கதைப்பதில்லை. பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டால் பிள்ளைக்கு என்ன விளங்கும்? அம்மா பின்வாசலில் இருந்து, கையில் சீப்போடு அழுவார். முடி போகிறதே என்றுதான் அழுகிறார் என நினைத்தேன்.

அலுமாரியில் இருந்த எண்ணெய்ப் போத்தலில் ஒரு மஞ்சள் பூவின் படம். கீழே கரிசலாங்கண்ணி என்று எழுதியிருந்தது. உப்புவெளிக் கடற்கரையில் மாமா தோட்டவேலை செய்த விடுதியின் வேலியோரமெல்லாம் அதே பூ. ஒரு கைப்பிடி கொடியைப் பிடுங்கி வந்து, கிணற்றடியில் அம்மாவின் வல்லாரைப் பாத்திக்குப் பக்கத்தில் நட்டேன். கணுவுக்குக் கணு வேர்விட்டு ஓடியது. இலையைக் கசக்கித் தேங்காய் எண்ணெயில் போட்டு, வெயிலில் வைத்து, பின்னேரங்களில் அம்மாவின் தலையில் தேய்த்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு என் முன்னால் இருப்பார்.

மாரிமழை முடிந்தபோது வல்லாரையைக் காணவில்லை. எங்கும் மஞ்சள் பூ. ஆனால் அம்மாவின் நெற்றியோரம் குட்டி முடி முளைத்திருந்தது. தெரு முழுக்கப் பெருமையடித்தேன்.

ஒருநாள் மாமா வந்தார். கிணற்றடியைப் பார்த்துத் தலையில் கைவைத்தார்.

“ஆரடி உந்தச் சனியனை இஞ்ச கொண்டந்தது? விடுதியில கிழமைக்குக் கிழமை உந்தக் கொடியை வெட்டித்தான் எனக்கு முதுகு முறியுது!”

“கரிசலாங்கண்ணி, மாமா. அம்மாக்கு முடி வந்திட்டுது, பாருங்கோ.”

“பூவைப் பாத்து ஏமாந்திட்டியே, விசரி? இலையைப் பார். வாத்துக்கால் மாதிரி மூண்டாப் பிரிஞ்சு கிடக்கு. கரிசலாங்கண்ணி இலை இப்பிடி இராது. இது வெறும் களை. முடி தானா முளைச்சது.”

வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது. மண்வெட்டியை எடுத்துக் கண்மண் தெரியாமல் கொத்தினேன். அம்மா ஓடிவந்து அதைப் பறித்தார்.

“அண்ணா, நீங்கள் சும்மா இருங்கோ,” என்றார். பிறகு என்னிடம், “எண்ணெய் இன்னும் இருக்குத்தானே? எடுத்துக்கொண்டு வா.”

“அது பொய் எண்ணெய், அம்மா.”

“ஓம், தெரியும். கொண்டு வா.”

தெரிந்தபிறகும் எதற்குத் தேய்க்கவேண்டும்? முறைத்துக்கொண்டே தேய்த்தேன். அன்றும் அம்மா கண்ணை மூடிக்கொண்டு அழுதார். முடிதான் வந்துவிட்டதே, இன்னும் என்ன அழுகை என்று எனக்கு ஆத்திரம் வந்தது. இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.